கொடுப்பவரின் உரிமை

அறப்பணிக்குப் பொருள் கொடுத்தவருக்கு, கொடுத்த பின் அதன்மீது ஏதேனும் உரிமை எஞ்சியிருக்கிறதா? கணக்குக் கேட்டால் தானத்தின் தூய்மை கெடும் என்பர் ஒரு சாரார். தாம் ஈட்டிய பொருள் போகும் வழியெல்லாம் தம் விருப்பப்படியே அமைய வேண்டும் என்பர் மற்றொரு சாரார். இரண்டிலும் பாதி உண்மையே உள்ளது.

பகவத்கீதையின் 17ஆம் அத்தியாயம் தானத்தை மூவகையாகப் பிரிக்கிறது. கொடுப்பது கடமை என்ற உணர்வுடன், கைம்மாறு கருதாது அளிப்பது சாத்விகம். பயனை நாடியோ மனவருத்தத்துடனோ அளிப்பது ராஜசம். தகாத இடத்தில், தகாத காலத்தில், தகுதியற்றவர்க்கு அவமதிப்புடன் அளிப்பது தாமசம். சாத்விக தானத்துக்கு இலக்கணம் வகுக்கும் அதே சுலோகம், தேசம், காலம், பாத்திரம் ஆகிய மூன்றையும் கருதச் சொல்வது கவனிக்கத்தக்கது. பாத்திரத்தை அறிய வேண்டுமாயின் விசாரித்தே ஆக வேண்டும். எனவே விசாரணையும் சாத்விக தானத்தின் ஓர் அங்கமே.

நம் நாட்டின் சட்டமும் ஏறத்தாழ இவ்வாறே கருதுகிறது. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி, முறையாக நிறைவேறிய தானத்தைக் கொடுத்தவர் தம் விருப்பம்போல் திரும்பப் பெற இயலாது. எனினும் பொது அறக்கட்டளையில் நம்பிக்கை மீறப்பட்டால், 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவுப்படி, அதில் நலன் கொண்ட இருவரோ மேற்பட்டோரோ நீதிமன்ற அனுமதியுடன் வழக்குத் தொடரலாம், கணக்குக் கேட்கலாம், அறங்காவலரை நீக்கக் கோரலாம். பொருள் கொடுத்தவரிடம் மீளாது, அறத்தின் வழிக்கே மீள்கிறது.

ஒரு நோக்கத்துக்கென வந்த பொருளை, அதனினும் அவசரமான வேறொரு துயருக்குச் செலவிடலாமா என்பதே கடினமான கேள்வி. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் உலகெங்கிலுமிருந்து நன்கொடை குவிந்தது. 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' என்னும் அமைப்பு, தான் செய்யவிருந்த நிவாரணப் பணிக்குப் போதிய தொகை சேர்ந்துவிட்டதென 2005 ஜனவரித் தொடக்கத்திலேயே அறிவித்து, அப்பணிக்கென மேலும் பெறுவதை நிறுத்தியது. மிகுந்த தொகையைப் பிற இடங்களின் துயர்துடைப்புக்குப் பயன்படுத்த, கொடுத்தவர்களிடமே இசைவு கேட்டது. மக்களின் ஈகை குன்றிவிடும் என அஞ்சிப் பிற தொண்டு அமைப்புகள் சில குறைகூறின. ஆயினும் கொடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இசைந்தனர். கேளாமலே செலவிட்டிருந்தாலும் நோயாளிகள் பயன்பெற்றிருப்பர். ஆனால் கொடுத்தவர்களுக்குச் சொன்ன சொல் பொய்யாகியிருக்கும்.

கொடுப்பவரின் எதிர்பார்ப்பு இருவரை நோக்கிச் செல்கிறது: துயருற்றவர் ஒருவர், இடையில் நிற்கும் நிறுவனம் மற்றொன்று. துயருற்றவரிடம் எதிர்பார்க்கத்தக்கது ஏதுமில்லை, நன்றியும்கூட இல்லை. நிவாரணம் பெறும் கையைப் படமெடுத்து வெளியிடச் சொல்பவர், கொடுத்ததற்கு விலையாகப் பிறர் மானத்தைப் பெறுகிறார். நிறுவனத்திடமோ மூன்றை எதிர்பார்க்கலாம்: தேவையை உள்ளவாறு கூறுதல், கூறிய நோக்கத்துக்கே செலவிடுதல், செலவைத் தெளிவாகக் காட்டுதல். இவற்றால் விளையும் நன்மை துயருற்றவரையே சேர்வதால், இவை கைம்மாறு ஆகா.

கணக்குக் கேளாமல் கொடுக்கும் பெருமனம் சிலருக்கு உண்டு. அம்மனத்தைச் சாக்காகக் கொண்டு கணக்கின்றி இருக்கும் உரிமை பெறுபவர் எவருக்கும் இல்லை. பற்றின்றிக் கொடுத்தல் கொடுப்பவருக்குரிய சாதனையாயின், கேட்கும் முன்னரே கணக்கை முன்வைத்தல் பெறுபவருக்குரிய சாதனையாகும்.