பிச்சையும் பக்கீரும்

சுங்கைப்பட்டாணியில் மளிகைக் கடை வைத்திருக்கும் அன்பர் ஒருவரின் இல்லத்தில் ஆண் குழந்தை பிறந்தது. ஏழாம் நாள் அகீகாவுக்கு ஆடு பேசி முன்பணம் கொடுத்தாயிற்று. லெப்பைக்கும் சொல்லியாயிற்று. பெயர் ஒன்றுதான் பாக்கி. அது விஷயமாகத் தந்தைக்கும் மகனுக்கும் மனத்தாங்கல் முற்றிப்போய், ஆறாம் நாள் இரவு இஷாவுக்குப் பிறகு என்னை அழைத்து நடுவில் உட்கார வைத்துவிட்டார்கள்.

பெரியவர் கேட்டது தம் மறைந்த தந்தையின் பெயர்: பிச்சை முகம்மது. இராமநாதபுரம் சீமையிலிருந்து கப்பலேறி வந்து, பீடோங் பக்கத்துத் தோட்டங்களில் சைக்கிளில் துணி விற்று, பிறகு ஒரு கடை போட்டுக் குடும்பத்தை நிலைநிறுத்தியவர் அவர். மகனுக்கோ அந்தப் பெயர் பிடிக்கவில்லை. "அத்தா, ராதா மேலே எனக்கு மரியாதை இல்லாமல் சொல்லவில்லை. பிள்ளை பள்ளிக்கூடம் போனால் பிச்சை, பிச்சை என்று நாலு பேர் கேலி செய்வார்கள். பெயர் வைக்கிறவர்கள் நாம், கேலியைக் கேட்டுக்கொண்டு நிற்கப்போகிறவன் அவன்" என்றார். கைப்பேசியில் அரபுப் பெயர்களும் அவற்றின் பொருளும் அடங்கிய நீண்ட பட்டியல் ஒன்றையும் காட்டினார்.

இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. சங்கடமே அதுதான்.

பெயரின் பொருளைப் பார்க்க வேண்டும் என்பதில் நமக்குள் பேதமில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பலருடைய பெயரை மாற்றியிருக்கிறார்கள். உமர் (ரலி) அவர்களின் மகளாருக்கு 'மாறு செய்பவள்' என்று பொருள்படும் ஆஸியா என்ற பெயர் இருந்தது. அதை ஜமீலா என்று மாற்றினார்கள். பிர்அவ்னின் மனைவியாராகிய ஆஸியா அம்மையாரின் பெயரோ வேறு எழுத்துகளால் ஆன வேறு சொல். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆகையால் பட்டியலைப் பார்த்துப் பெயர் வைக்கிறவர்கள், அரபு எழுத்தை ஓர் ஆலிமிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. கடைக்குச் சரக்கு எடுக்கும்போது மாதிரி பார்க்காமல் மூட்டையைப் பிரிக்கிறோமா?

இன்னொரு செய்தி பெரியவருக்கு எதிரானது. அதையும் நான் மறைக்கவில்லை. ஹஸ்ன் என்று ஒருவர் இருந்தார். 'கரடுமுரடு' என்பது அதன் பொருள். ஸஹ்ல், அதாவது 'இலகு' என்று மாற்றிக்கொள்ளும்படி நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னபோது, தந்தை இட்ட பெயரை மாற்ற மாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். அந்தக் கடினம் எங்கள் குடும்பத்தை விட்டுப் போகவேயில்லை என்று பின்னாளில் சொன்னவர் யார் தெரியுமா? அவருடைய பேரர், பேரறிஞர் ஸயீத் இப்னுல் முஸய்யிப் அவர்கள்தாம். ஆகவே, என் அத்தாவின் பெயர் என்பது மட்டுமே போதிய காரணமாகாது. பெரியவர் முகம் வாடிவிட்டது. மகன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அப்போது மகனிடம் ஒன்று கேட்டேன். "தம்பி, பக்கீர் முகம்மது என்று வைத்தால் சம்மதமா?" கூலிமிலும் அலோர்ஸ்டாரிலும் பக்கீர் என்ற பெயருக்கா பஞ்சம்? "அதற்கென்ன, நல்ல பெயர்தானே" என்றார். பக்கீர் என்றால் ஏழை, தேவையுடையவன். மூஸா நபி (அலை) அவர்கள் மத்யனில் நிழலில் ஒதுங்கி நின்று, இறைவன் தரும் எந்த நன்மைக்கும் தாம் தேவையுடையவர் என்று இறைஞ்சியபோது தம்மைக் குறிக்க வந்த சொல் அது என்பதைத் திருக்குர்ஆன் கூறுகிறது. சரி, பிச்சை என்பதற்கும் பக்கீர் என்பதற்கும் இடையே என்ன தூரம்? அரபியில் சொன்னால் பணிவு, தமிழில் சொன்னால் அவமானமா? நாம் வெட்கப்படுவது பொருளைக் கண்டா, மொழியைக் கண்டா? அவரிடம் கேட்டதை நம் வியாபாரப் பெருமக்கள் எல்லோரிடமும் கேட்கிறேன்.

பிச்சை என்ற பெயர் வந்த வழியையும் பார்க்க வேண்டும். முன் பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில், அடுத்த பிள்ளைக்கு இந்தப் பெயரை இடுவது தமிழ்நாட்டில் எல்லாச் சமூகத்தாரிடமும் இருந்த பழக்கம். இது எங்களுக்கு உரிமையாய்க் கிடைத்ததன்று, கேட்டுப் பெற்றது என்று பொருள். அந்தப் பெரியவரின் பாட்டியாரும் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த பிறகே மூன்றாவதற்கு இப்பெயரை இட்டாராம். இதைக் கேட்டதும் மகன் பேசவில்லை. அவருக்கு இது புதிய செய்தி. ஐம்பது வருஷம் ஒரே கூரையின் கீழ் வழங்கிய பெயரின் காரணத்தைப் பெரியவர் ஒருநாளும் பிள்ளைக்குச் சொன்னதில்லை!

அகராதி மட்டும் போதும் என்றால் குணங்குடி மஸ்தான் சாகிபை என்ன செய்வது? அவருடைய இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். மஸ்தான் என்ற பாரசீகச் சொல்லுக்கு நேர்ப்பொருள் போதை கொண்டவர் என்பதாகும். இறைக்காதலில் தம்மை மறந்தவர் என்று நம் முன்னோர் கண்டதால், அந்தப் பெயரை ஆசையோடு பிள்ளைகளுக்கு இட்டார்கள். ஷாகுல் ஹமீதில் பாதி பாரசீகம், பாதி அரபு. இங்கே அதற்கு மணம் தருவது நாகூர். பாத்திமுத்துவில் பாதி அரபு, பாதி தமிழ். உமறுப்புலவரை ஆதரித்த வள்ளலோ ஷைகு அப்துல் காதிர். தமிழர் நாவில் அது சீதக்காதி ஆயிற்று. அதனால் அவருடைய ஈமானில் என்ன குறைந்துவிட்டது?

நாம் வாழும் கெடாவையே பாருங்கள். இந்நாட்டு மன்னர் இஸ்லாத்தைத் தழுவி முஸாபர் ஷா என்று பெயர் பூண்டார் என்பது வரலாற்று மரபு; 1136ஆம் ஆண்டு என்று அதற்குக் காலமும் சொல்வார்கள். ஆனால் அந்த அரச வம்சத்தின் கதையைச் சொல்லும் மலாய் நூலுக்கு இன்றும் பெயர் ஹிக்காயத் மெரோங் மகாவங்சா. வடமொழி வாடை வீசும் மூதாதையின் பெயரைத் தலைப்பிலிருந்து யாரும் நீக்கவில்லை. மன்னர் தம் பெயரை மாற்றிக்கொண்டார். பாட்டன் பெயரை அழிக்கவில்லை.

பொருள் மட்டும் பார்த்துப் பெயரை அளந்தால் என்ன நேரும் என்பதற்கு இந்நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2006இல் தேசியப் பதிவு இலாகா விரும்பத்தகாத பெயர்களைப் பற்றி வழிகாட்டி ஒன்றை வெளியிட்டதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. விபசாரத்தைக் குறிக்கும் ஸானி போன்ற பெயர்களை அதில் சேர்த்தது நியாயமே. ஆனால் கருப்பசாமி என்ற பெயரும் அதில் இருந்தது. கருப்பு என்பது நிறம் என்று அகராதி சொல்லும். தோட்டத்து இந்துச் சகோதரர்களுக்கு அது காவல் தெய்வத்தின் பெயர். நமக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஆனாலும் அந்தப் பெயரை இட்ட தாயின் மனசு நமக்குப் புரிகிறதல்லவா?

இதற்கிடையே எழுத்துப் பிழை என்று ஒரு தொல்லை இருக்கிறது. பாட்டனார் பெயர் பாஸ்போர்ட்டில் ஒரு விதம், அடையாளக் கார்டில் ஒரு விதம், நிலப் பட்டாவில் மூன்றாவது விதம். வாரிசுப் பங்கு பிரிக்கப் போகும்போது, மூவரும் ஒருவரே என்று நிரூபிக்க வக்கீலுக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கிறது. எந்தப் பெயர் வைத்தாலும் முதல் பதிவிலேயே எழுத்தைச் சரிபார்த்துவிடுங்கள்.

அன்று இரவு முடிவுக்கு வருவோம். மகனின் முதல் கேள்வி அப்படியே நின்றது: சுமக்கப்போகிறவன் பிள்ளை. அதற்கு என்னிடம் முழு மறுமொழி இல்லை. நல்ல பெயர் பிள்ளையின் உரிமை. பாட்டனுக்கு நாம் பட்ட கடனைப் பேரன் கேலிப்பேச்சாக அடைக்க வேண்டும் என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. அதாவுல்லாஹ் என்று வைக்கலாமே என்றேன். அல்லாஹ் அளித்த கொடை என்பது பொருள். பாட்டியார் தமிழில் சொன்னதும் ஏறக்குறைய அதுவே. மகன் உடனே ஒப்பினார். பெரியவர் நெடுநேரம் தரையைப் பார்த்தபடி இருந்தார். "பொருள் அதுதான் தம்பி, ஆனால் அது என் அத்தா பெயர் இல்லையே" என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். கணக்கை வேறு புத்தகத்துக்கு மாற்றி எழுதினால் தொகை வரும், பழைய கையெழுத்து வராது.

மறுநாள் முகம்மது அதாவுல்லாஹ் என்று பெயர் இட்டார்கள். சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது பெரியவரைக் கண்டேன். பேரனுக்கு இப்போது ஒன்றரை வயது. வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிடுகிறீர்கள் என்று விசாரித்தேன்.

"நான் பிச்சை என்றுதான் கூப்பிடுகிறேன். மகன் கேட்டும் கேளாதவர்போல் இருக்கிறார். பயல் இரண்டுக்கும் திரும்பிப் பார்க்கிறான்" என்றார்.