தெரிந்தவர்களின் கடன்

கொல்லப்போகிறவர்களே ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள். சாகப்போகிறவனுக்கு மட்டும் தெரியவில்லை. அப்படி நேர்ந்த சாவை விதி என்று சொல்லலாமா?

காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் 1981-இல் வெளியிட்ட ‘முன்கூறப்பட்ட சாவின் சரித்திரம்’ என்ற குறுநாவல் இந்தக் கேள்வியைத்தான் விரித்து வைக்கிறது. கொலம்பியாவில் 1951-இல் நடந்த ஒரு கொலை அதற்கு வித்து. கன்னியல்ல என்று முதலிரவிலேயே பிறந்த வீட்டில் கொண்டுவந்து விடப்படுகிறாள் ஆஞ்சலா விகாரியோ. காரணமானவன் சந்தியாகோ நாசார் என்கிறாள். பன்றி அறுக்கும் தொழில் செய்யும் அவளுடைய இரட்டை அண்ணன்கள் கத்தி தீட்டிக்கொண்டு பால்கடையில் காத்திருக்கிறார்கள். பால் வாங்க வந்த பன்னிரண்டு பேருக்கும் மேற்பட்டவர்களிடம் காரியத்தைச் சொல்லவும் செய்கிறார்கள்.

விதிக்குக் கட்டுப்பட்டவர்கள் இப்படியா நடப்பார்கள்? தங்களை யாராவது தடுத்துவிட மாட்டார்களா என்ற ஏக்கம் அந்தப் பேச்சில் இருப்பதைக் கடைக்காரி குளோத்தில்தே கண்டுகொள்கிறாள். ஊர்த் தலைவரான கர்னல் அபோன்தே கத்திகளைப் பிடுங்கிக்கொண்டு, போய்த் தூங்குங்கள் என்று அனுப்பிவிடுகிறார். அவர்கள் வேறு கத்திகளோடு திரும்புகிறார்கள்.

ஊரார் எல்லோரையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமாகாது. சிலர் குடிகாரப் பேச்சு என்று நினைத்தார்கள். சிலர் இதற்குள் யாராவது அவனிடம் சொல்லியிருப்பார்கள் என்று இருந்துவிட்டார்கள். இவை தவறுகள், மன்னிக்கலாம். மானப் பிரச்சினையில் நமக்கென்ன வேலை என்று ஒதுங்கியவர்களின் மௌனமோ சம்மதம். மகன் வீட்டுக்குள் வந்துவிட்டான் என்று நம்பித் தெருக்கதவைத் தாழிட்ட தாயின் கதை வேறு. ஓடிவந்த மகன் அந்தக் கதவுக்கு வெளியேதான் குத்துப்பட்டான். காக்க நினைத்த கையே வழியை அடைத்ததை அவள் விதி என்று சொல்லி அழுதால் மறுப்பதற்கில்லை. அந்தச் சொல்லைக் கர்னல் எடுத்தாள முடியாது. அவருக்கு விஷயம் தெரியும், அதிகாரமும் இருந்தது, நேரமும் இருந்தது.

வருவதை முன்பே அறிவதால் அது நடந்தே தீரும் என்றாகிவிடாது. அறிந்தவன் தலையில் ஒரு கடன் ஏறுகிறது, அவ்வளவுதான். அந்தக் கடனை அரைகுறையாகத் தீர்த்த ஒருவரும் நாவலில் உண்டு. கொலை நடக்கப்போகும் இடம், காரணம் எல்லாவற்றையும் விவரமாக எழுதி, உறையிலிட்டுக் கதவுக்கடியில் தள்ளிவிட்டுப் போகிறார் அவர். சந்தியாகோ வெளியே கிளம்பும்போது கடிதம் தரையில் கிடக்கிறது; அவன் பார்க்கவில்லை.

அவ்வளவு எழுதியவர், கதவைத் தட்டியிருக்கலாம்.