செவலைக்கு ஒரு கல்

காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டைப் பார்த்திருக்கிறீர்களா? சுற்றிலும் கிளுவை வேலி. நடுநடுவே வெள்வேல மரங்கள். தரையெல்லாம் கொழுக்கட்டைப்புல். மாடும் ஆடும் மேய்கிற அந்த இடத்தில் முயலும் இருக்கும்.

எங்கள் பெரிய மாமாவின் 'செவலை'க்கு அந்த முயல்கள்தான் உலகம். சிப்பிப்பாறைக் கலப்பு. ஒட்டிய வயிறு, நீண்ட முகம். மோப்பம் பிடித்துத் தேடிக்கொண்டிருக்கிற ஜாதியில்லை; கண்ணில் பட்டால் போதும், காற்றாகப் பறக்கும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-லேயே வந்துவிட்டது. ஆனால், சட்டம் புத்தகத்திலிருந்து இறங்கி வரப்புக்கு வர ரொம்ப நாளாகும் இல்லையா?

செவலை கிழடாகி, கண் மங்கி, ஒருநாள் காலையில் கட்டுத்தரை ஓரமாகவே செத்துக் கிடந்தது. மாமா ரெண்டு நாள் சாப்பிடவில்லை. "அப்பன் செத்தப்பக்கூட இப்படி அழுகலீங்க. நாய்க்குப் போயி எழவு காக்கறாரு!" என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள்.

நீங்களே சொல்லுங்கள், ஒரு நாய்க்காக மனிதன் கலங்குவது கேவலமா?

நம் முன்னோர் அப்படி நினைக்கவில்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மனின் 34-வது ஆட்சியாண்டு, அதாவது 7-ம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப் போராடிச் செத்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கான கல். பக்கத்திலேயே அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். பெயர் கோவிவன். திருடர்கள் இரண்டு பேரைக் கடித்துக் காவல் நின்றதாம். எத்தனையோ பெரிய மனிதர்களின் பெயர்கள் மண்ணோடு மண்ணாகிவிட்டன. ஒரு நாயின் பெயர் 1,400 வருடங்களாக நிற்கிறது! நாய்க்கு இடமில்லாத சொர்க்கம் எனக்கும் வேண்டாம் என்று நின்ற தருமரின் கதையும் நமக்குத் தெரியும்.

ஆக, அழுவதில் தப்பில்லை. ஆனால், இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது.

கோவிவன் காத்தது. செவலை கொன்றது. யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாத முயல்களைத் துரத்தித் துரத்திக் கொன்றது. அதற்காகத்தான் ஊரே அதைக் கொண்டாடியது. அப்படியொரு ஜீவனை எப்படி நினைவில் வைத்துக்கொள்வது? பாசத்தை மட்டும் வைத்துக்கொண்டு, ரத்தத்தைத் துடைத்துவிடலாமா?

காரியமெல்லாம் அடங்கிய பிறகு, ஒருத்தர் புதுசாக ஒரு குட்டியைக் கொண்டுவந்து நீட்டினார். மாமா வாங்கவில்லை. வற்புறுத்தியபோது சொன்னார்: "ஓடுனது அது. ஓடச் சொன்னது நானு. நாய்க்கு ஏதுங்க பாவம்? அது எஞ்சொல்லக் கேட்டுச்சு, அவ்வளவுதான். இன்னொண்ணுக்கும் அதே வேலையக் குடுக்க மனசு வரலீங்க."

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நம்மை நேசிக்கிறவர்களிடம் நாம் என்னவெல்லாம் வேலை வாங்குகிறோம்! "அப்பா வீட்டுல இல்லைனு சொல்லுடா" என்று பிள்ளையைப் பொய் சொல்ல வைக்கிறோம். விசுவாசமான ஊழியரைக் கள்ளக்கணக்கு எழுத வைக்கிறோம். அவர்கள் மறுக்க மாட்டார்கள். காரணம், பிரியம். நாளைக்குக் கேள்வி வந்தால், "செஞ்சது அவன்தானே!" என்று கைகழுவி விடுகிறோம். மாமா கைகழுவவில்லை. இறந்துபோன ஒரு நாயின் கணக்கைத் தன் பெயருக்கு மாற்றி எழுதிக்கொண்டார். ஒருவரை நேசித்ததற்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி எனக்குத் தெரியவில்லை.

செவலையை வெள்வேல மரத்தடியில் புதைத்து, மேலே ஒரு காட்டுக்கல்லை நட்டிருந்தார். அதில் எழுத்து ஒன்றுமில்லை. "பேரு எழுதலீங்களா மாமா?" என்று கேட்டேன்.

"எழுதலாம் கண்ணு. அது பேரை எழுதுனா, புடிச்ச மொசலுக கணக்கையும் சேத்து எழுதோணுமே. அதுக்கு எம்பேரையல்லோ போடோணும்!"

சொல்லிவிட்டுக் கல்லின் மேல் விழுந்திருந்த சருகைத் தட்டிவிட்டார்.