வற்றாத கலமும் மிஞ்சிய துளியும்

ஒரு பொருளின் பகுதிகள் இடையறாது மாறிக்கொண்டிருக்க, அப்பொருள் மட்டும் அதுவாகவே நிலைக்கிறதா என்னும் வினா இந்திய மெய்யியலில் மிகப் பழையது. ஆற்றையும் விளக்கையும் பாலையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு நடந்த அந்த வாதத்துக்கு அண்மைக்காலத்தில் வீட்டு அலுமாரிகளிலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டுக் கிடைத்திருக்கிறது. மேலைநாடுகளில் விஸ்கி பருகுவோர் சிலர், தீரும் தறுவாயில் உள்ள ஒவ்வொரு போத்தலின் அடிமிச்சத்தையும் தனியொரு போத்தலில் ஊற்றிக் கலந்து, அதிலிருந்து பருகப் பருக மீண்டும் மீண்டும் நிரப்பி, ஒருபோதும் வெறுமையாகாமல் காத்து வருகின்றனர். அதனை முடிவிலிப் போத்தல் என்று அழைக்கின்றனர். இதற்குப் பெரிதும் பயன்படுவது பூர்பன். குறைந்தது 51 சதவீதம் சோளம் கலந்த தானியக் கூழைப் புளிக்கவைத்து வடித்து, உட்புறம் கருக்கப்பட்ட புதிய ஓக் மரக் கலங்களில் ஊறவைத்து ஐக்கிய அமெரிக்காவில் ஆக்கப்படும் விஸ்கிக்கே அந்நாட்டுச் சட்டம் இப்பெயரை வழங்குகிறது. போத்தலில் மது குறையக் குறைய அதன் மேல் நிற்கும் காற்று கூடி மணம் மங்கிவிடும் என்பதால், மிச்சங்களை ஒன்றாக்கிப் போத்தலை நிரம்பியபடி வைத்திருப்பது பயன் நோக்கிய செயலுந்தான். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கென ஊர் திரும்பும் உறவினர் விமான நிலையத்தில் வாங்கிவரும் போத்தல்களின் அடிமிச்சம் வட இலங்கையின் வன்னி வீடுகளிலும் தங்குவதுண்டு. ஆகவே இவ்வினா இந்நிலத்துக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

மதுவைப் போற்றுவது இங்கு நோக்கமன்று. திருக்குறள் கள்ளுண்ணாமைக்கென 93ஆம் அதிகாரத்தை ஒதுக்கியிருக்கிறது. பௌத்தத்தின் ஐந்து சீலங்களில் இறுதியானதும் மதுவிலக்கே. அந்த நெறிகளின் கனத்தைக் குறைத்துக்கொள்ளாமலே, போத்தல் எழுப்பும் வினாவைத் தனித்து ஆராய இயலும்.

கணக்கிலிருந்து தொடங்குவது பொருத்தம். 750 மில்லிலீற்றர் கொள்ளும் போத்தல் ஒன்று முதலில் ஒரே பூர்பனால் நிரப்பப்பட்டு, ஒவ்வொரு முறையும் பாதி பருகப்பட்டு, அந்தப் பாதி வேறொரு பூர்பனால் ஈடுசெய்யப்படுமாயின், பத்தாவது முறைக்குப் பின் முதல் மது 1,024இல் ஒரு பங்காக, அதாவது ஒரு மில்லிலீற்றரின் முக்கால் அளவாக, ஏறத்தாழ 15 துளிகளாகச் சுருங்கிவிடும். எண்ணைப் பாதியாக்கிக்கொண்டே போனால் அது ஒருபோதும் சுழியைத் தொடாது. 'முடிவிலி' என்னும் பெயரின் நம்பிக்கை இதில்தான் நிற்கிறது. ஆனால் மது எண்ணன்று. அது மூலக்கூறுகளால் ஆனது. அப்போத்தலில் உள்ள மூலக்கூறுகளின் தொகை, ஒன்றுக்குப் பின் 25 சுழியங்களை இட்டுப் பெறும் எண்ணின் ஏறத்தாழ இரு மடங்கு. அதனைப் பாதியாக்கத் தொடங்கினால் 84ஆவது முறையளவில் முதல் மதுவின் ஒற்றை மூலக்கூறே எஞ்சும். அதன்பின் அதுவும் எஞ்சுமென்று சொல்வதற்கில்லை. மாதம் ஒரு முறை நிரப்புவோர்க்கு இது ஏழு ஆண்டுக் கணக்கு.

பொருளைப் பிரித்துக்கொண்டே போவதற்கு எல்லையுண்டு என்பதை வைசேடிகர் நுண்ணோக்கி எதுவுமின்றித் தருக்கத்தாலேயே நிறுவ முயன்றனர். உலகப் பொருள்களை அணுக்களின் சேர்க்கையாகக் கண்ட இந்தத் தரிசனத்தினர், பிரிப்புக்கு முடிவே இல்லையெனின் கடுகும் மேருமலையும் ஒன்றுபோலவே எண்ணற்ற பகுதிகளைக் கொண்டவையாகி அளவில் ஒத்துவிடும் என்றும், அவை ஒவ்வாமையால் இனிப் பிரிக்க இயலாத பரமாணு ஒன்று இருந்தே தீரவேண்டும் என்றும் வாதித்தனர். அவர்களும் அவர்களோடு இணைந்த நையாயிகரும் இன்னொரு கண்டிப்பான முடிவுக்கும் வந்தனர்: ஒரு துணியில் ஓர் இழை கூடினும் குறையினும் பழைய துணி அழிந்து புதுத் துணி பிறக்கிறது. இவ்வளவைக்கு உட்படுத்தினால், முடிவிலிப் போத்தலில் இருப்பது ஒரு மது அன்று. ஒவ்வொரு மிடறின் பின்னும் அழிந்து பிறந்த மதுக்களின் வரிசை.

பௌத்தர் இவ்வரிசையை மறுக்கவில்லை. அதற்குச் சந்தானம் என்று பெயரிட்டனர். சந்தானமாவது கணந்தோறும் அழியும் நிகழ்வுகள் ஒன்றையொன்று காரணமாகப் பற்றித் தொடரும் ஒழுக்கு. மிலிந்த பஞ்ஹா என்னும் பாலி நூலில் பிக்கு நாகசேனர் இரவு முழுதும் எரியும் விளக்கைக் காட்டி, முதல் யாமத்துச் சுடரும் கடை யாமத்துச் சுடரும் ஒன்றும் அல்ல, வேறும் அல்ல என்று விளக்குவதும், பால் தயிராகவும் வெண்ணெயாகவும் நெய்யாகவும் மாறுவதை ஒப்புமை காட்டுவதும் இக்கருத்தைப் பற்றியே. சைவ சித்தாந்தம் இதற்கு உடன்படாது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பௌத்த மதங்களை எடுத்து மறுக்கையில், முன்னது முற்றாக அழிந்தபின் பின்னது எதன் பலத்தில் தோன்றும் என்பதையே நெருக்கிக் கேட்கிறார். காரியம் காரணத்தில் முன்னமே அடங்கி உள்ளது என்னும் சற்காரியவாதம் சித்தாந்தத்தின் நிலைப்பாடு. பாலில் இல்லாத ஒன்று தயிரில் வந்து தோன்றாது என்பது அதன் துணிபு.

ஆயினும் பால் தானாகத் தயிராவதில்லை என்பதை வன்னியின் பட்டிக்காரர் அறிவர். முதல்நாள் தயிரில் எஞ்சிய ஒரு கரண்டி உறை அதற்கு வேண்டும். அடுத்தது காரணத்தில் அடங்கியிருப்பது மட்டும் போதாது. முந்தையது தன்னில் சிறிதை விட்டுவைத்திருக்கவும் வேண்டும். தரிசனங்கள் அழிவையும் நிலைபேற்றையும் பற்றி இவ்வளவு நுட்பமாக வாதிட்டும், மிச்சம் வைத்தல் என்னும் எளிய செயலுக்குப் போதிய இடம் தரவில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது.

இச்செயல் மிகத் தெளிவாகப் புலப்படுவது பனையடியில். சீவல் தொழிலாளி காலையும் மாலையும் பனையேறிப் பாளையின் நுனியைச் சீவி, அதில் கட்டியிருக்கும் முட்டியில் இறங்கியதைச் சேர்த்துக்கொண்டு இறங்குகிறார். பாளையிலிருந்து வடியும் சாறு வெறும் இனிப்பு. அது வெறியூட்டும் கள்ளாவது முட்டியில். கவிழ்த்து ஊற்றிய பின்னும் மண்முட்டியின் நுண்துளைகளிலும் அடியில் படிந்த வெண்மண்டியிலும் நேற்றைய கள்ளின் நொதியங்கள் உயிரோடு தங்கியிருக்கின்றன. இன்றைய சாற்றின் முதல் துளி அவற்றின் மேலேயே விழுகிறது. சில மணி நேரத்தில் நுரை விளிம்பைத் தொடுகிறது. முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசிவிட்டால் நொதியங்களின் வேலை தடைப்பட்டு, அதே பனையின் அதே சாறு கருப்பநீராகவே இறங்கும். ஆகவே கள்ளுக்கும் கருப்பநீருக்கும் உள்ள வேறுபாடு பனையிலும் இல்லை, பாளையிலும் இல்லை. நேற்றைய நாளை முட்டி நினைவில் வைத்திருக்கிறதா, சுண்ணாம்பால் மறந்துவிட்டதா என்பதில் இருக்கிறது.

பூர்பனின் பிறப்பிலும் இத்தகைய தொடர்ச்சி உண்டு. கென்டக்கியின் வடிசாலைகளில், வடித்து முடிந்த பழைய கூழின் ஒரு பகுதியை அடுத்த கூழில் சேர்க்கும் புளிகூழ் முறை 19ஆம் நூற்றாண்டிலேயே வேரூன்றிவிட்டது. ஆனால் கொதிநிலையில் வடிக்கப்பட்டமையால் அப்பழைய கூழில் உயிருள்ள நொதியம் எதுவும் இருப்பதில்லை. அது புதுக் கூழுக்குக் கொடுப்பது தன் புளிப்பை மட்டுமே. அப்புளிப்பு வேண்டாத நுண்ணுயிர்களை அடக்கிப் புது நொதியத்துக்கு வழிசெய்கிறது. முட்டியில் உயிர் கைமாறுகிறது. புளிகூழில் இறந்தது இடத்தைப் பண்படுத்திக் கொடுக்கிறது. முடிவிலிப் போத்தலிலோ இவ்விரண்டும் இல்லை. அங்கே பழையது புதியதை ஆக்குவதில்லை, அதனோடு கலந்து மெலிகிறது, அவ்வளவே. எனினும் பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது என்று அதனைப் பேணுவோர் தமக்குத் தாமே விதித்துக்கொள்ளும் கட்டுப்பாட்டில் முட்டியின் நெறி நிழலாடுகிறது. அப்போத்தலை ஒன்றென்று சொல்ல வைப்பது அதில் ஊற்றப்பட்டது எதுவுமன்று. ஊற்றிக் குடிக்காமல் நிறுத்திய கைதான்.

மிச்சமே அற்றுப்போனால் என்ன ஆகும் என்பது வன்னியைப் பொறுத்தவரை ஏட்டு வினாவன்று. 2009 மே மாதத்தில் இலங்கையின் உள்நாட்டுப் போர் முடிந்தபோது ஏறத்தாழ 3 இலட்சம் மக்கள் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளிலிருந்து பெயர்ந்து, பெரும்பாலும் வவுனியா மாவட்டத்து மெனிக் பாம் முகாம்களில் அடைபட்டிருந்தனர். கடைசிக் குடும்பங்கள் அங்கிருந்து வெளியேறியது 2012 செப்டெம்பரில். விதைநெல் வைத்த கோர்க்காலிகளும் மாட்டுப் பட்டிகளும் உறைமோர்ச் சட்டிகளும் பின்னே விடப்பட்டிருந்தன. உறை ஒரு வாரம் பேணப்படாவிடினும் கெட்டுவிடும்; விதைநெல் சில பருவங்களில் முளைதிறனை இழந்துவிடும். மீளக் குடியேறிய வீட்டில் முதல் தயிர் உறைந்தது இன்னொரு வீட்டிலிருந்தோ இன்னோர் ஊரிலிருந்தோ வாங்கிய கரண்டி மோரால். அது பழைய வீட்டின் தயிரா? நையாயிகரின் அளவையால் நிச்சயமாக அன்று. சந்தானக் கொள்கையாலும் அந்த ஒழுக்கு அறுந்தே போயிற்று. ஆனால் கடன் கொடுத்த வீட்டின் உறையும் ஒரு காலத்தில் யாரிடமோ வாங்கியதுதான். ஒருவேளை இதே வீட்டிலிருந்து. ஒரு வீட்டுக்குள் அறுந்த தொடர்ச்சி ஊருக்குள் அறாமல் இருக்கலாம் என்றால், 'அதே பொருள்' என்னும் சொல்லின் எல்லையைக் கலத்தின் விளிம்போடு நிறுத்துவது பிழையாகிறது. மிச்சம் வைத்தவரும் மிச்சத்தைக் கொடுத்தவரும் சேர்ந்தே அது நிலைக்கிறது.

மணிமேகலைக் காப்பியம் இதனை அட்சய பாத்திரமான அமுதசுரபியின் கதையில் வேறொரு கோணத்திலிருந்து அணுகியிருக்கிறது. அள்ள அள்ளக் குறையாத அக்கலத்தைச் சிந்தாதேவியிடம் பெற்ற ஆபுத்திரன், நாட்டில் மழை பெருகிப் பசித்தவர் இல்லாமற்போனதும் ஏற்போரைத் தேடி அலைந்து, கடல்வழியில் மணிபல்லவத் தீவில் தனித்து விடப்படுகிறான். குறையாத உணவு கையில் இருந்தும் தன்னொருவனுக்காக அதனைப் பயன்படுத்த மனமின்றிக் கோமுகிப் பொய்கையில் கலத்தை விட்டுவிட்டுப் பட்டினியால் உயிர்நீக்கிறான். வைகாசி விசாகந்தோறும் பொய்கையின் மேல் எழும் அக்கலம் காப்பியத் தலைவி மணிமேகலையின் கைக்கு வந்தபின், முதற் பிச்சையைக் கற்பிற் சிறந்த ஆதிரை இடுகிறாள். முடிவிலிப் போத்தல் வற்றாதிருப்பது நிறுத்திவைப்பதால். அமுதசுரபி வற்றாதிருப்பது கொடுப்பதால். ஒருவருக்கே உரிய வற்றாமையை ஆபுத்திரன் வாழ்வுக்குப் போதாததாகக் கண்டான் என்பது தமிழ் இலக்கியம் எட்டிய உயரங்களில் ஒன்று.

அதே வைகாசி மாதத்தில், விசாகத்தை ஒட்டிய திங்கட்கிழமையில், நந்திக்கடல் ஓரத்து வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் பொங்கல் நிகழ்கிறது. கண்ணகி இலங்கையில் தங்கிய பத்தாவது இடம் என்னும் பொருளில் பத்தாம்பளை என்று வழங்கிய பெயரே இவ்வாறு திரிந்தது என்பர். திரிந்த வடிவம் வற்றாமையைக் குறிக்கும் சொல்லாய் அமைந்துவிட்டது. இடையர் சிறுவரிடம் மூதாட்டி வடிவில் வந்த அம்மன், விளக்கேற்ற எண்ணெய் இல்லை என்று அவர்கள் சொன்னபோது கடல்நீரை வார்த்து ஏற்றச் சொன்னாள் என்பது ஐதிகம். அதன் வழியே பாக்குத்தெண்டல் என்னும் சடங்கு முடிந்த பின் சிலாவத்தைக் கடற்கரையில் தீர்த்தம் எடுக்கப்பட்டு, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரால் விளக்கு எரிக்கப்பட்டு, பின் வற்றாப்பளைக்குக் கொண்டுசெல்லப்படுகிறது. ஒவ்வோர் ஆண்டும் நீர் புதிது, திரி புதிது, சுடரும் புதிது. சென்ற ஆண்டின் குடத்திலிருந்து ஒரு துளியும் இதற்கென எடுத்துவைக்கப்படுவதில்லை. ஆயினும் அடியார் எவரும் அதனை வேறு விளக்கென்று கருதுவதில்லை. தீர்த்தக்காரர் குடத்தோடு அலைக்குள் இறங்குகையில், அவர் முகந்தது போக எஞ்சியிருப்பது கடல்.