அணி மாறும் பிள்ளையும் பெற்றோர் கடனும்

பிள்ளைகள் ஆடும் இடத்தில் பெற்றோர்க்கு என்ன வேலை என்று கேட்ட காலம் ஒன்று இருந்தது. நாம் சிறுவர்களாய் ஊர்ப் பொட்டலில் ரப்பர்ப் பந்தை வைத்துக் கிரிக்கெட் ஆடியபோது, நம் தந்தையார் எவரும் அங்கு வந்து நின்றதில்லை. அன்று அணி என்பது மாலையில் கூடி, இருட்டியதும் கலைவது, அவ்வளவே. இன்று தலைநகரின் திடல்களுக்கு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் சென்று பாருங்கள். ஆடும் பிள்ளைகளைவிட, எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று கவலைப்படும் பெற்றோரே மிகுதி. அவர்கள் பேச்சில் ஆட்டம் குறைவாகவும் அணி மாற்றம் அதிகமாகவும் அடிபடும். எந்தப் பயிற்சிக் கழகத்தில் சேர்த்தால் தேர்வாளர் கண்ணில் படலாம்? இந்த ஆண்டே மாற்றுவதா, அடுத்த ஆண்டு பார்ப்பதா? இவையே அங்கு எழும் வினாக்கள்.

இவை வெறும் நடைமுறை வினாக்கள் என்றுதான் நாங்களும் நெடுநாள் எண்ணியிருந்தோம். இவற்றின் அடியில் அறத்தைப் பற்றிய வினா ஒன்றும் கிடக்கிறது என்பதைப் பின்னரே உணர்ந்தோம். ஒரு பிள்ளையின் முன்னேற்றத்திற்காக, அவன் சார்ந்திருக்கும் கூட்டத்தை விட்டு அவனைப் பிரித்தெடுக்கும் உரிமை பெற்றோர்க்கு உண்டா? உண்டெனில், அவ்வுரிமைக்கு எல்லை எது?

பெற்றோரின் கவலையைக் குறை கூறுவதற்கில்லை. ஏணி குறுகியது, ஏறுவோர் பலர். 16 வயதுக்குட்பட்டோர்க்கு விஜய் மெர்ச்சண்ட் கோப்பை, 19 வயதுக்குட்பட்டோர்க்குக் கூச் பிஹார் கோப்பை, 23 வயதுக்குட்பட்டோர்க்கு சி. கே. நாயுடு கோப்பை எனப் படிகள் வகுக்கப்பட்டுள்ளன. ஒரு படியில் கால் வைக்கத் தவறினால் வயது காத்திருப்பதில்லை. இந்த அச்சமே சிலரைப் பிறந்த நாளையே மாற்றி எழுதும் அளவுக்குக் கொண்டு செல்கிறது. மணிக்கட்டு எலும்பை ஊடுகதிர்ப் படம் எடுத்துச் சிறுவனின் வயதை மதிப்பிட வேண்டிய நிலை வந்ததற்குக் காரணம் அதுவே. 2015ஆம் ஆண்டு பட்டோடி நினைவுச் சொற்பொழிவு ஆற்றிய ராகுல் திராவிட் இதைக் கடுமையாகச் சாடினார். பெற்றோரும் பயிற்சியாளரும் பொய்ச் சான்றிதழ் உண்டாக்குவதைக் காணும் பிள்ளை, தானும் ஏமாற்றுக்காரனாக வளர மாட்டானா என்பது அவர் எழுப்பிய வினாவின் கருத்து. பிள்ளை எந்த இடத்தை அடைந்தான் என்பதை உலகம் காண்கிறது. எவ்வழியில் அடைந்தான் என்பதைப் பிள்ளையே காண்கிறான்.

அணி மாறுவது பொய்ச் சான்றிதழ் போன்ற குற்றமன்று. மாறியே தீர வேண்டிய நேரமும் உண்டு. சச்சின் டெண்டுல்கர் பாந்த்ராவில் ஒரு பள்ளியில் படித்துவந்தார். பயிற்சியாளர் ரமாகாந்த் அச்ரேகரின் அறிவுரைப்படி தாதரிலுள்ள சாரதாஸ்ரமம் வித்யாமந்திர் பள்ளிக்கு மாறினார்; சிவாஜி பூங்காவுக்கு அருகில் உறவினர் வீட்டில் தங்கிப் பயின்றார். அம்மாற்றம் நிகழாதிருந்தால் நாம் கண்ட டெண்டுல்கரைக் கண்டிருப்போமா என்பது ஐயமே. பிறந்த ஊரை விட்டு, மொழி தெரியாத நகரில் வேலைக்கு வந்து வாழும் நாம், விட்டுச் செல்வதே பிழை என்று சொன்னால் நம்மையே நாம் மறுத்தவர்களாவோம்.

ஆயினும் இதே பள்ளியின் வரலாற்றில் இன்னொரு காட்சியும் உண்டு. 1988ஆம் ஆண்டு ஹாரிஸ் கேடயப் போட்டியில் டெண்டுல்கரும் வினோத் காம்ப்ளியும் ஆட்டமிழக்காமல் 664 ஓட்டங்கள் சேர்த்ததை நாடே அறியும். அடுத்து ஆட வேண்டிய 13 வயதுச் சிறுவன் காலில் கட்டிய காப்புகளை அவிழ்க்காமல் அந்த நேரம் முழுவதும் காத்திருந்ததைச் சிலரே நினைப்பர். அமோல் முசும்தார் என்னும் அச்சிறுவன் பின்னாளில் மும்பை அணிக்காக முதல்தர ஆட்டத்தில் இறங்கிய முதல் முறையே 260 ஓட்டங்கள் எடுத்தார். முதல்தர ஆட்டங்களில் 11,000 ஓட்டங்களைக் கடந்தார். ஆயினும் இந்திய அணியில் ஆடும் வாய்ப்பு அவருக்கு ஒருமுறையும் கிட்டவில்லை. அவரும் அணி மாறியவரே. மும்பைக்குத் தலைமை தாங்கி 2006-07ஆம் ஆண்டு ரஞ்சிக் கோப்பையை வென்று தந்த பின்னர், அசாமுக்கும் ஆந்திரத்துக்கும் ஆடினார். 2025 நவம்பரில் இந்திய மகளிர் அணி உலகக் கோப்பையை வென்றபோது அவ்வணியின் பயிற்சியாளராக நின்றவர் அவரே. காத்திருந்தவன் வீணானான் என்று யார் சொல்ல முடியும்?

ஒருவர் மாறியதால் உயர்ந்தார். ஒருவர் காத்திருந்ததாலும் கெடவில்லை. ஆகவே, எது வெற்றி தரும் என்று கணக்கிட்டு இவ்வினாவுக்கு விடை காண இயலாது. வேறு அளவுகோல் வேண்டும்.

இங்கே எங்கள் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்வது நேர்மையாகாது. எங்கள் மகன் விக்கெட் காப்பாளன். அரசுக் குடியிருப்பை ஒட்டிய திடலில், ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் நடத்திவந்த சிறுவர் அணியில் பத்து வயது முதல் ஆடினான். அங்கே புல்லும் இல்லை. நல்ல வலையும் இல்லை. பந்தைக் கண்ணால் இறுதிவரை பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் அம்முதியவரே. அவனுக்குப் பதின்மூன்று வயதானபோது, நகரின் மறுகோடியிலுள்ள பெரிய பயிற்சிக் கழகம் ஒன்றில் இடம் கிடைத்தது. கட்டணம் மும்மடங்கு, வசதியோ பன்மடங்கு. உடனே சேர வேண்டும் என்றார்கள். பழைய அணிக்கு இன்னும் நான்கு ஆட்டங்கள் எஞ்சியிருந்தன. நாங்கள் ஓரிரவில் முடிவு செய்தோம். பயிற்சியாளருக்குக் கைப்பேசியில் இரண்டு வரிச் செய்தி அனுப்பினோம். நேரில் செல்லவில்லை, செல்லக் கூசினோம் என்பதே உண்மை.

அன்றிரவு மகன், “அப்பா, ஞாயிற்றுக்கிழமை யார் கீப்பிங் செய்வார்கள்?” என்று கேட்டான்.

“அது அவர்கள் பாடு” என்றோம்.

புதிய இடத்தில் அவன் தாழ்ந்து போகவில்லை. முதல் சில மாதங்கள் வெளியே அமர்ந்திருந்தான், பின்னர் இடம் பெற்றான், ஆட்டமும் தெளிந்தது. எங்கள் முடிவு பலித்தது என்றே பலரும் கூறினர். ஆனால் ஒன்றைக் கண்டோம். கடைத்தெருவுக்குச் சைக்கிளில் செல்லும் மகன், திடலை ஒட்டிய நேர்வழியை விட்டு, நெடுஞ்சாலை வழியே சுற்றிப் போகத் தொடங்கினான். காரணம் கேட்டோம். “அந்தப் பக்கம் வேண்டாம்” என்றான். நாங்கள் சொன்ன ஒரு சொல் அவனுக்கு ஒரு தெருவை மூடிவிட்டது.

அதன் பின்னரே நம் நூல்கள் காட்டும் கருத்துகளைச் சற்று நின்று எண்ணிப் பார்த்தோம். தந்தை மகனுக்குச் செய்யத்தக்க உதவி, கற்றோர் கூட்டத்தில் அவன் சிறந்து விளங்கச் செய்வதே என்பது வள்ளுவர் கருத்து. இதையே நாம் பலமுறை மேடையில் கேட்டு, பிள்ளையை எவ்வகையிலும் முன்னே தள்ளுவதே தந்தையின் கடமை என்று கொண்டுவிட்டோம். ஆனால் வள்ளுவர் சொன்னது ஓட்டப் பந்தயத்தை அன்று, அவையை. பந்தயத்தில் ஒருவன் முந்தினால் மற்றவர் தோற்றவராவர். அவையில் ஒருவன் சிறந்தால் அவையே சிறக்கும். உடன் அமர்ந்திருப்போர் மதிக்காத ஒருவன் அங்கே முதல்வனாதல் இயலாது.

புறநானூற்றின் 312ஆம் பாடலில் பொன்முடியார் தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் உரிய கடன்களை வரிசையாக வகுக்கிறார். தந்தைக்குரியதாக அவர் சொல்வது மகனைச் சான்றோன் ஆக்குவது. அச்சொல் அங்கே வீரனைக் குறிக்கும் என்பார் உளர். நற்பண்பினனைக் குறிக்கும் என்பாரும் உளர். எப்பொருள் கொண்டாலும், ஒருவனை உருவாக்குவதில் பலர்க்குப் பங்குண்டு என்பது தெளிவு. படைக்கருவி செய்து தரும் கொல்லனையும் பெற்றோருடன் ஒரே வரிசையில் நிறுத்தியது அப்பழம் பாட்டு. புழுதித் திடலில் பந்தைப் பார்க்கக் கற்றுக்கொடுத்த முதியவர் அந்த வரிசையைச் சேர்ந்தவர் அல்லரா? அவரைக் கட்டணம் வாங்கிக்கொண்டு பாடம் விற்றவராக எண்ணியதே எங்கள் பிழை.

மேலும், குடும்பமும் மொழியும் பிள்ளைக்குப் பிறப்பால் வாய்ப்பவை. அணியோ அவன் தன் செயலால் தேடிக்கொண்ட முதல் உறவு. நம்மைப் போல் ஊர் விட்டு வந்தவரின் பிள்ளைகளுக்கு இது இன்னும் பெரிது. மாமன் வீடும் சித்தப்பன் வீடும் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க, அவர்களுக்கு இங்கே பங்காளிகளாய் அமைபவர்கள் பஞ்சாபிச் சிறுவனும் வங்காளிச் சிறுவனும் பிகார்ச் சிறுவனுமே. அவ்வுறவை நாம் துண்டிக்கலாம். ஆனால் அது அற்பமானது என்று கற்பிக்கலாகாது. “அது அவர்கள் பாடு” என்ற சொல்லில் நாங்கள் கற்பித்தது அதையே.

அப்படியாயின் செய்யத்தக்கது யாது? அரசு அலுவலகத்தில் பணி செய்யும் நமக்கு விடை அருகிலேயே இருக்கிறது. ஓர் எழுத்தருக்கு இடமாற்றம் வந்தால், விடுவிப்பு ஆணை இன்றி அவர் புறப்பட முடியாது. பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். நிலுவை ஏதும் இல்லை என்று சான்று பெற வேண்டும். அந்த மாற்றம் தம் வேண்டுகோளின் பேரில் நிகழ்ந்ததா, அலுவலக நலன் கருதி நிகழ்ந்ததா என்பதும் ஆணையிலேயே இருக்கும். உயிரற்ற கோப்புகளுக்கு இத்தனை மரியாதை செய்யும் நாம், பத்துப் பதினொரு பிள்ளைகளின் கூட்டத்திலிருந்து ஒருவனைச் சொல்லாமல் அழைத்துச் செல்கிறோம்.

முதலில், இம்மாற்றம் யாருடைய வேண்டுகோள் என்று நம்மை நாமே கேட்க வேண்டும். பிள்ளையின் வேட்கையா, அண்டை வீட்டாரிடம் சொல்லிக்கொள்ள நாம் விரும்பும் பெருமையா? இரண்டாவது, பயிற்சியாளரை நேரில் கண்டு, பிள்ளையின் முன்னிலையில், காரணத்தைச் சொல்லி விடைபெற வேண்டும். மூன்றாவது, ஏற்றுக்கொண்ட ஆட்டங்களை முடித்துக் கொடுத்து, தன் இடத்தில் நிற்கப்போகும் சிறுவனுக்குத் தான் அறிந்ததைச் சொல்லிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். அதற்காகப் புதிய இடம் சில வாரம் காத்திருக்காது எனில், அந்த இடம் நம் பிள்ளையையும் ஒருநாள் அவ்வாறே நடத்தும் என்பதை அறிந்துகொள்ளலாம். பிள்ளையை அடிக்கும், இழிவு செய்யும் இடமாயின் இந்த முறைகள் எவையும் வேண்டா. அன்றே வெளியேறுவதே அறம்.

இம்முறைகளால் பிள்ளைக்கு வாய்ப்பு ஒன்று தவறிப் போகவும் கூடும். அதை மறைப்பதற்கில்லை. இழப்பே இல்லாத அறம் எளிது; அதை அறம் என்று சிறப்பித்துப் பேச வேண்டியதும் இல்லை.

ஓராண்டு கழிந்து, வீட்டை வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது, பழைய அணிக்குச் சொந்தமான காப்பாளர் கையுறைகள் ஓர் உறையில் கிடந்தன. அந்த அணியிடம் இருந்தது அந்த ஒரு இணையே. அன்று மாலையே மகனை அழைத்துக்கொண்டு திடலுக்குச் சென்றோம். என்ன சொல்வது என்று வழியெல்லாம் எண்ணிய சொற்களில் ஒன்றும் வாய்க்கு வரவில்லை. “தவறு எங்களுடையது, பையனுடையது அன்று” என்று மட்டும் இந்தியில் சொன்னோம். முதியவர் கையுறைகளைப் புரட்டிப் பார்த்தார். மகனின் கையைப் பற்றி, “பேட்டா, விரல்கள் நீண்டுவிட்டன, இனி இவை உனக்குப் பொருந்தா” என்றார். பிறகு, வெறுங்கையால் பந்து பிடித்துக்கொண்டிருந்த ஒரு சிறுவனை அழைத்தார். அவனுக்கு அவற்றை மாட்டிவிட்டு, கை எப்படி நிற்க வேண்டும் என்று காட்டும்படி எங்கள் மகனிடம் சொன்னார்.

இருட்டும்வரை அவன் காட்டிக்கொண்டிருந்தான். இப்பொழுது கடைத்தெருவுக்கு நேர்வழியிலேயே போய் வருகிறான். பிள்ளைகள் எந்த அணிக்குச் சென்றாலும், விட்டு வந்த திடலின் வழியே தலைநிமிர்ந்து நடந்து செல்லும்படி அவர்களை அனுப்புவோமாக. பெற்றோர் கடனில் அதுவும் ஒன்று.