காலியான இடம்

"ஆண்கள் ஆட்டத்தில் பெண்ணுக்கு என்ன ஸார் வேலை?" என்று சின்னசேலம் ரயிலடியில் நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். உடல் வலிமையில் வேற்றுமை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆடிப் பார்க்கு முன்பே கதவைச் சாத்துவானேன்?

ரோத்தக் ஊர் ஷஃபாலி வர்மாவைப் பெண் என்பதற்காகவே பயிற்சிக் கூடங்கள் சேர்க்க மறுத்தன. தகப்பனார் மகளின் கூந்தலைப் பையனைப் போல் கத்தரித்து விட்டார். பானிப்பட்டில் நடந்த சிறுவர் கிரிக்கெட் போட்டியின்போது அவளுடைய சகோதரனுக்கு உடம்பு சரியில்லை. அவன் பெயரில் இவள் ஆடினாள். சிறந்த ஆட்டக்காரன் என்ற பரிசையும் பெற்றாள். (ஆட்டக்காரன்தான்!) 2025 நவம்பர் 2-ல், பெண்கள் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் 87 ஓட்டங்கள் எடுத்தவளும் இவளே.

அமெரிக்காவிலோ, 2020 நவம்பர் 28-ல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆண்கள் கால்பந்து அணிக்காகச் சாரா ஃபுல்லர் என்ற மாணவி பந்தை உதைத்தாள். மோதிச் சாய்க்கும் முரட்டு ஆட்டம் அது. அவளை அழைத்தது சமத்துவ ஆசையால் அல்ல. கொரோனாவினால் வழக்கமாக உதைப்பவர்கள் ஒதுங்கியிருக்க நேர்ந்தது.

இரண்டிடத்திலும் ஆண் இல்லாத குறைக்குத்தான் பெண் வந்தாள். இதை உரிமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சகோதரன் திடமாக இருக்கும் வீட்டுப் பெண் யாரிடம் போய்க் கேட்பாள்?