சாவியை ஒப்படைத்தல்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

எம்பெருமானுடைய திருவிழாவைச் சேவிக்கும் பொருட்டுத் தாராசுரம் வந்து கூடியுள்ள பாகவத உத்தமர்களே! அரசலாற்றின் கரையிலுள்ள இவ்வூர் இரண்டு காரியங்களுக்குப் பெயர் பெற்றது. ஒன்று, இரண்டாம் இராசராச சோழன் எடுப்பித்த கற்றளி. 2004-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அதனை உலக மரபுச் சின்னங்களுள் சேர்த்தது. மற்றொன்று, பட்டுத் தறி. கல்லிலே செய்தது எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது. நூலிலே செய்தது ஒரு தலைமுறைக்கேனும் பெட்டியில் மடித்து வைக்கப்படுகிறது. இவ்விரண்டும் இல்லாத ஒருவருடைய துயரத்தைப் பற்றியே இன்று விண்ணப்பிக்க விழைகின்றேன்.

இவ்வூர் நெசவாளர் தெருவில் பிறந்து, சென்னையில் கணிப்பொறி நிறுவனம் ஒன்றில் உயர்ந்த பதவி வகித்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், சென்ற ஆண்டு உபந்நியாசம் முடிந்தபின் அடியேனிடம் வந்தார். "ஸ்வாமி, முப்பத்தெட்டு ஆண்டுகள் உழைத்தேன். ஓய்வு பெற்ற மறுநாளே தொலைபேசி ஓய்ந்துவிட்டது; அது உலக இயல்பு, போகட்டும். என் தகப்பனார் நெய்த புடவை ஒன்று ஐம்பது ஆண்டுகளாக வீட்டில் இருக்கிறது. நான் எழுதிய நிரல்களோ, ஒன்றுகூட இன்று எந்த இயந்திரத்திலும் ஓடவில்லை. பழையன என்று அழித்துவிட்டார்கள். கல்லில் செய்தவர்க்குக் கோயில் இருக்கிறது. நூலில் செய்தவர்க்குப் புடவை இருக்கிறது. நான் செய்தது எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். கேட்கும்போது அவர் குரல் தழுதழுத்தது.

அன்று அடியேன் விடை கூறவில்லை. ஆறுதலாக இரண்டு சொல் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் அது விடையாகாது. ஓராண்டுக் காலம் பெரியோர் காட்டிய வழியில் சிந்தித்ததை இப்போது அவருக்கும் உங்களுக்கும் சமர்ப்பிக்கின்றேன்.

ஸ்ரீகீதையின் பதினெட்டாம் அத்தியாயத்தில் கண்ணபிரான் ஒரு செயல் நிறைவேறுவதற்கு ஐந்து காரணங்கள் உண்டென்று அருளிச்செய்கின்றான். உடல் ஒன்று, செய்பவனாகிய ஜீவன் ஒன்று, கருவிகளாகிய பொறிகள் ஒன்று, பிராணனுடைய இயக்கம் ஒன்று, இவையனைத்திற்கும் உள்ளேயிருந்து நடத்தும் தெய்வம் ஐந்தாவது. பாஷ்யகாரரான எம்பெருமானார், இவ்வத்தியாயம் கூறும் தியாகத்தை மூன்று வகையாகப் பிரித்துக் காட்டினார். பயன் எனக்கு என்ற எண்ணத்தை விடுதல். இச்செயல் என்னுடையது என்ற எண்ணத்தை விடுதல். நானே செய்தேன் என்ற எண்ணத்தை விடுதல். செயலை விடச் சொல்லவில்லை என்பதை நன்கு கவனிக்க வேண்டும்.

இங்கே ஓர் ஐயம் எழும். "நான் செய்யவில்லை என்றால், என்னால் விளைந்த தீங்குக்கும் நான் பொறுப்பில்லையா?" என்று ஒருவன் கேட்கலாம். அவ்விதமன்று. ஐந்து காரணங்களுள் ஜீவனும் ஒன்றாக எண்ணப்பட்டிருக்கிறான். ஆகவே பொறுப்பு உண்டு; முழு உரிமை மட்டும் இல்லை. இயந்திரத்தைக் கொணர்ந்து பலருடைய வேலையைக் குறைத்தவன், அவர்கள் குடும்பங்களை எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டவன். சிறப்பு வரும்போது "நான்" என்றும், குறை வரும்போது "தெய்வச் செயல்" என்றும் சொல்வதற்கு நம் சாஸ்திரத்தில் இடமில்லை.

இதற்கு இக்காலத்து உதாரணம் ஒன்று உண்டு. பழைய தஞ்சை மாவட்டத்துக் கருவேலி என்னும் சிற்றூரில் 1925-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் பிறந்தவர் திரு. வெ. கிருஷ்ணமூர்த்தி. திருச்சியில் எழுந்த பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலையில் பொறுப்பு வகித்து, 1972 முதல் 1977 வரை அந்நிறுவனம் முழுவதற்கும் தலைவராக இருந்தார். 1981-இல் மாருதி உத்யோக் நிறுவனத்தைத் தொடக்கத்திலிருந்து கட்டியெழுப்பும் பணி அவரிடம் வந்தது. 1982-இல் ஜப்பானிய சுசூகி நிறுவனத்தோடு உடன்படிக்கை ஏற்பட்டது. 1983-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள் முதல் காரின் சாவி, பிரதமர் இந்திரா காந்தி கையால் தில்லியைச் சேர்ந்த ஒரு வாடிக்கையாளரிடம் அளிக்கப்பெற்றது. 1985 முதல் 1990 வரை இந்திய உருக்கு ஆணையத்திற்கும் அவரே தலைவர். பத்மஸ்ரீ, பத்மபூஷண், பத்மவிபூஷண் ஆகிய மூன்று விருதுகளும் அவரை வந்தடைந்தன.

இத்தகையவர் கட்டிய பொருள்களாவது நிலைத்தனவா? நாட்டின் வீதிகளையெல்லாம் நிறைத்த அந்த மாருதி 800 என்னும் காரின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டு ஜனவரியில் நிறுத்தப்பட்டது. அவர் தம் வாழ்க்கை வரலாற்றை நூலாக வெளியிட்டதும் அவ்வாண்டிலேயே. தம் கையால் பிறந்த பொருள் ஓய்ந்ததைக் கண்ணாரக் கண்ட பின்னும் எட்டாண்டுகள் வாழ்ந்து, 2022-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள், 97-ஆம் பிராயத்தில் சென்னையில் காலமானார்.

உயர்ந்த பதவிகளையெல்லாம் வகித்த அவர், தாம் பிறந்த கருவேலியை மறந்தாரில்லை. நாவுக்கரசர் பாடிய அவ்வூர்ச் சிவாலயம் சிதிலமடைந்து கிடந்தது. அதனைப் புதுப்பிக்கும் திருப்பணியை முன்னின்று நடத்தினார். அது சைவத் தலம், நாம் வைணவர். ஆயினும் நல்ல பாடம் எவ்விடத்தில் இருந்தாலும் ஏற்பது பெரியோர் மரபு. அத்திருப்பணியில் அவர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கவில்லை. தமக்கு முன்னே யாரோ தொடங்கியதைத் தமக்குப் பின்னே வருபவர்க்கு உயிரோடு ஒப்படைத்தார். முன்னவர்க்கும் பின்னவர்க்கும் இடையே ஒரு கையாக இருப்பதே மனிதனுக்கு வாய்த்த பேறு.

சாவி என்றதும் வேறொரு சாவி நினைவுக்கு வருகிறது. திருவரங்கம் பெரிய கோயிலின் நிர்வாகமும் சாவியும் ஒரு காலத்தில் திருவரங்கத்தமுதனாரிடம் இருந்தன. எம்பெருமானார் கோயில் ஒழுங்கைச் சீர்ப்படுத்த எண்ணியபோது அது எளிதில் கைகூடவில்லை. பின்னர்க் கூரத்தாழ்வானுடைய நற்குணத்திலும் ஞானத்திலும் உள்ளம் கரைந்து, அமுதனார் அச்சாவியை உடையவர் வசம் ஒப்படைத்தார் என்பது குருபரம்பரை வரலாறு. அதன் பின்னரே கோயில் பரிஜனங்களைப் பத்துக் கொத்துகளாக வகுத்து, இன்னார்க்கு இன்ன கைங்கரியம் என்று உடையவர் ஏற்படுத்தினார் எனக் கோயிலொழுகு கூறும்.

அன்பர்களே, சற்று எண்ணிப் பாருங்கள். அமுதனார் அச்சாவியை இறுகப் பற்றிக்கொண்டே இருந்திருந்தால் இன்று அவர் பெயரை யார் அறிவார்? பெரிய கோயிலை நிர்வகித்த எத்தனையோ பேருள் ஒருவராக மறைந்திருப்பார். சாவி கையைவிட்டுப் போன பிறகு, ஆசாரியனைப் பற்றி நூற்றெட்டுப் பாசுரங்கள் அவர் வாயிலிருந்து பிறந்தன. அந்த இராமாநுச நூற்றந்தாதி இன்றும் நம் சந்நிதிகளில் சேவிக்கப்படுகிறது. அதிகாரத்தை வைத்திருந்த நாளில் கிட்டாத வாழ்வு, அதை ஒப்படைத்த பின் அவருக்குக் கிட்டியது. அதுவும் தம்மைப் பாடியதனால் அன்று, மற்றொருவரைப் பாடியதனால்.

அமுதனாரிடமிருந்து சாவியைப் பெற்ற எம்பெருமானாரும் தாமே எல்லாம் என்று இருக்கவில்லை. எழுபத்துநான்கு சிம்மாசனாதிபதிகளை நியமித்துத் தரிசனத்தை அவர்களிடம் ஒப்படைத்தார். தாம் இல்லாத நாளிலும் காரியம் நடக்கும்படி செய்துவிட்டுப் போவதே தலைமையின் இலக்கணம்.

இனி, இவ்வூர்ப் பெரியவருக்கு விடை சொல்ல வேண்டும். ஐயா, உம் தகப்பனார் தறியின் மேலே ஜக்கார்டு பெட்டியும், துளையிட்ட அட்டைகளும் தொங்கியதைச் சிறுவயதில் பார்த்திருப்பீர். பிரான்சு நாட்டில் ஜக்கார்டு என்பவர் 1804-ஆம் ஆண்டில் அமைத்த முறை அது. அட்டையில் துளை இருந்தால் இழை எழும், இல்லையேல் எழாது. அதே துளையட்டை முறை கணக்கிடும் இயந்திரங்களுக்கும் சென்று, 1890-ஆம் ஆண்டில் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பயன்பட்டது. பின்னர்க் கணிப்பொறிக்கு நிரல் ஊட்டவும் உதவிற்று. ஆகவே நீர் தகப்பனார் தொழிலை விட்டுச் சென்றவர் அல்லர். அதன் மற்றொரு கிளையில் அமர்ந்திருந்தீர்.

மேலும், அந்தப் புடவையில் உம் தகப்பனார் பெயர் எங்கேனும் நெய்யப்பட்டிருக்கிறதா? அவர் நெய்த மற்றப் புடவைகளெல்லாம் எந்த ஊரில், எந்த மணப்பெண்ணிடம் சென்றன என்று அவர் அறிவாரா? அறியார். கூறை உடுத்தி மணவறையில் அமர்ந்தவள், நெய்தவரை எண்ணவில்லை. மணம் குறைவற நடந்தது. உம் நிரல்களும் அவ்விதமே. அவை ஓடிய நாளில் யாருக்கோ சம்பளம் காலத்தில் சேர்ந்திருக்கும். யாருக்கோ பயணச்சீட்டுக் கிடைத்திருக்கும். அந்த நாளின் காரியம் அந்த நாளில் நிறைவுற்றது. இன்று பெருமாளுக்குச் சாற்றிய மாலை நாளை களையப்படும். களையப்பட்டதனால் கைங்கரியம் வீணாயிற்று என்று எவரும் சொல்வதில்லை.

இனி நீர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உம்மிடம் ஒரு சாவி இன்னும் இருக்கிறது; அது கற்ற கல்வி. இவ்வூரிலேயே தறிக்கு முன் அமர்ந்து, அடுத்து என் செய்வதென்று அறியாமல் நிற்கும் இளைஞர் பலர் உளர். வாரத்தில் இரண்டு மாலைப் பொழுது அவர்களுக்கு ஒதுக்கும். கற்பித்தவர் பெயரை அவர்கள் மறந்தாலும் வருந்த வேண்டாம். உமக்குக் கற்பித்தவர் அனைவருடைய பெயரும் உமக்கு நினைவிருக்கிறதா?

ஓய்வு பெற்றவர்கள் மட்டுமன்று, இன்று பதவியில் இருப்பவர்களும் இத்திருவிழாவில் திரளாக வந்திருக்கிறீர்கள். சந்நிதியில் கைகூப்பி நிற்கும்போது இரு கைகளும் வெறுங்கையாக இருக்கின்றன. அந்த நிலையை வீட்டிலும் அலுவலகத்திலும் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். கையில் இருக்கும் நாளில் சாவியைச் செம்மையாகக் காத்து, உரிய நாளில் உரியவரிடம் முகமலர்ச்சியோடு ஒப்படைக்கும் பாக்கியத்தை எம்பெருமான் நம் அனைவர்க்கும் அருள்வானாக.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.